பழைய படம் மோசமா, நம் கைக்கு வந்த பிரதி மோசமா?

கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர் நீளமாகக் கேட்டிருக்கிறார். சாரம் இதுதான்: நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாரம் ஒரு பழைய படம் பார்த்து, தோன்றியதைத் தங்களுக்குள் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் மலையாளம். ‘செம்மீன்’ பார்த்தபோது முகங்கள் எல்லாம் செங்கல் நிறத்தில் இருந்தன. ஒரு கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தில் நிற்பவர்களின் உச்சந்தலையைக் காணவில்லை. உதடு அசைந்த பிறகு குரல் வருகிறது. நடுநடுவே காட்சி துள்ளுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, படம் நகரவே மாட்டேன் என்கிறது. மறுவெளியீட்டுக்குக் காசு கொடுத்துப் போகலாமா என்றும் கேட்கிறார். அவர் உண்மையில் கேட்பது, இந்தக் குறைகளில் எவற்றைப் படம் எடுத்தவர்கள் தலையில் போடலாம், எவற்றைப் போடக் கூடாது என்பதுதான். அதற்கே பதில் சொல்கிறேன்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய் வரக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு தியேட்டரில் பல வருடம் ஆபரேட்டராக இருந்தேன். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் உள்ளே போனேன்; படச்சுருளே இல்லாமல் படம் ஓட்டத் தொடங்கிய பிறகு வெளியே வந்தேன். ஒரே மெஷினில் தமிழும் ஓடும், மலையாளமும் ஓடும். ஆகவே படப்பெட்டி என் அறைக்குள் வந்த பிறகு ஒரு படத்துக்கு என்னவெல்லாம் நேரும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். சுருளைக் கழுவி அச்சடிக்கும் லேபில் நடப்பது அங்கே வேலை பார்த்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தது. படம் நன்றாக இருக்கிறதா என்று நான் சொல்வதை மட்டும் இன்னொரு ரசிகனின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிவப்பு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, குற்றம் சாயத்தினுடையது. ஈஸ்ட்மேன்கலர் என்ற வண்ணச் சுருளில் அச்சடித்த பிரிண்டில், அதாவது தியேட்டருக்கு வரும் பிரதியில், மஞ்சள், மெஜந்தா, நீலப்பச்சை என்று மூன்று சாயங்கள் அடுக்காக இருக்கும். அந்தக் காலத்துப் பிரிண்ட் சுருளில் நீலப்பச்சைதான் முதலில் வெளுக்கும். வெயிலில் வைத்தால்தான் வெளுக்கும் என்றில்லை, டப்பாவுக்குள் இருட்டில் கிடந்தாலே போதும். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் இன்னும் சீக்கிரம். அது போய்விட்டால் மிஞ்சுவது சிவப்பு. எளிதில் வெளுக்காத சுருள் 1980-களின் தொடக்கத்தில்தான் வந்தது. 1960, 70-களின் வண்ணப் படங்கள் இந்த விபத்தில் அகப்பட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுவே. தமிழோ மலையாளமோ, வேறுபாடு கிடையாது. அன்று மலையாளப் படங்களும் பெரும்பாலும் சென்னையில்தான் கழுவப்பட்டன. திருவனந்தபுரத்துச் சித்ராஞ்சலி ஸ்டூடியோ 1980-இல்தான் வந்தது.

சாயம் வெளுத்ததா, ஒளிப்பதிவாளரே வேண்டுமென்று சிவப்பாக எடுத்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தலைமுடியைப் பாருங்கள். பிரிண்டில் கறுப்பு என்பது மூன்று சாயமும் சேர்ந்து உண்டாவது. ஒன்று போய்விட்டால் கறுப்பு முடி மருதாணி பூசியதுபோல ஆகிவிடும். அந்திச் சிவப்பில் எடுத்த காட்சி என்றால் முகம் சிவக்கும், வானம் சிவக்கும், ஆனால் நிழலும் முடியும் கறுப்பாகவே இருக்கும். ‘செம்மீன்’ 1965-ஆம் ஆண்டுக்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம் பெற்ற படம். தென்னிந்தியாவுக்கு அந்தப் பதக்கம் வந்தது அதுவே முதல் முறை. ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. கடலை நம்பி எடுத்த படத்தில் நீலத்தைப் பிடுங்கிவிட்டு, ‘கேமரா சுமார்தான்’ என்று உங்கள் நண்பர் எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் அழித்துவிடச் சொல்லுங்கள். கதையையும் நடிப்பையும் பற்றி அவர் எழுதியது அப்படியே இருக்கட்டும்.

இதே பார்ட்லி எட்டு வருடம் முன்னால், 1957-இல், ‘மாயா பஜார்’ எடுத்தார், கறுப்பு வெள்ளையில். அந்தப் படகுப் பாட்டின் நிலா வெளிச்சம் இன்றும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது சாயம் அல்ல, வெள்ளித் துகள். ஒழுங்காகக் கழுவிய சுருள் என்றால் வெள்ளி அவ்வளவு எளிதில் மங்காது. அதனால்தான் 1950-களின் படம் பளிச்சென்றும் 1975-இன் படம் பரிதாபமாகவும் இருக்கும் விசித்திரம். (2010-இல் ‘மாயா பஜார்’ படத்தின் தெலுங்குப் பதிப்பைக் கணினியில் வண்ணமாக்கி வெளியிட்டார்கள். ஓடியது. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.) வெள்ளி மங்காவிட்டாலும் சுருளின் பிளாஸ்டிக் கெடும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அந்தச் சுருள் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மெஷினின் பல் சுருளின் ஓரத் துளையில் சரியாகப் பொருந்தாமல் திரையில் படம் நடுங்கும். உங்கள் கைபேசியில் ஒரு பழைய படம் ஓயாமல் மேலும் கீழும் ஆடினால், அது கேமராமேன் கை நடுக்கம் இல்லை.

அடுத்தது காணாமல் போன தலைகள். பழைய படத்தின் சட்டம் (ஃபிரேம்) ஏறத்தாழச் சதுரம்; உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய டிவியில் அகலம் 1.78. அகலத்தை நிரப்ப வேண்டுமென்று படத்தைப் பெரிதாக்கினால் உயரத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வெட்டுப்படும். உச்சந்தலை மேலே போயிற்று. நடனம் என்றால் பாதம் கீழே போயிற்று. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (மிக அகலமான திரைக்கு எடுத்த) படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-இல் வந்தது, மலையாளத்தில் ‘தச்சோளி அம்பு’ 1978-இல். அதற்கு முந்தைய படம் ஒன்று உங்கள் அகலத்திரையை இரு ஓரமும் முட்ட நிரப்பிக்கொண்டு நிற்கிறது என்றால், யாரோ கத்தரியோ இழுவையோ போட்டிருக்கிறார்கள். இழுத்தார்களா என்று பார்க்க மாட்டுவண்டி வரும் வரை காத்திருங்கள். பழைய படத்தில் எப்படியும் வரும். சக்கரம் முட்டை வடிவத்தில் உருண்டால் இழுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு சதுரமாக வரும் பிரதிதான் நாணயமானது. பட்டையைக் குறையென்று நினைத்து ரிமோட்டை அழுத்தி நிரப்பிப் பார்ப்பவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஸ்கோப் படங்களுக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. 2.35 அகலம் உள்ள படத்தைப் பழைய சதுர டிவிக்காக ஒடுக்கியபோது பத்தில் நாலு பங்குக்கு மேல் பக்கவாட்டில் போயிற்று. இருவர் பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு மட்டும் தெரியும் பிரதிகள் அந்தக் காலத்து வீடியோ டேப்பிலிருந்து வந்தவை. அவற்றை வைத்துக் காட்சி அமைப்பைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. நல்லதும் சொல்லக் கூடாது, கெட்டதும் சொல்லக் கூடாது.

உதடும் குரலும் பிரிந்து நிற்பதில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இங்கே படம் எடுத்தவர்கள் பங்கும் உண்டு. ஸ்டூடியோ தளத்துக்குள் எடுத்த பழைய படங்களில் பெரும்பாலும் வசனத்தை அங்கேயே பதிவு செய்தார்கள். கேமரா வெளியூருக்குப் புறப்பட்ட பிறகு நிலைமை மாறியது. கையில் தூக்கக்கூடிய ஆரிஃபிளெக்ஸ் கேமரா ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். ஆகவே எடுத்து முடித்துவிட்டு டப்பிங் அறையில் பேசினார்கள். அவசரத்தில் பேசியதும் உண்டு, வேறொருவர் குரல் கொடுத்ததும் உண்டு. ஆகவே 1970-களின் வெளிப்புறக் காட்சியில் உதடு கொஞ்சம் பிசகினால் அது பிறவிக் குறையாகவே இருக்கலாம்.

அதற்கு மேல் எங்கள் அறையின் பங்கு. புரொஜெக்டரில் படம் விநாடிக்கு 24 தடவை நின்று நின்று நகரும். ஒலி அப்படி நின்று நின்று போனால் காது கிழிந்துவிடும், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எனவே படம் காட்டும் இடமும் ஒலி படிக்கும் இடமும் மெஷினில் வேறு வேறு. அதை ஈடுகட்ட, சுருளில் ஒலியை அதற்குரிய படத்துக்கு 20 சட்டம் முன்னால் அச்சடித்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே சுருளைத் தளர்வாக ஒரு வளைவு விட்டு மாட்ட வேண்டும்; வளைவு கூடினாலும் குறைந்தாலும் குரல் பிசகும். அன்று தியேட்டரில் ஆபரேட்டர் செய்யக்கூடிய இந்தப் பிசகை, பிற்பாடு டேப்புக்கும் டிஜிட்டலுக்கும் மாற்றியவர்களும் அவர்கள் வழியில் செய்திருக்கிறார்கள்.

யாருடைய பிசகு என்று பிரித்தறிய நான் நம்புவது பாட்டைத்தான். பாட்டுக் காட்சியில் ஏற்கெனவே பதிவான பாட்டைப் படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு அதற்கே வாயசைப்பார்கள். அங்கே உதடு பெரும்பாலும் ஒட்டி நிற்கும். வசனத்தில் பிசகிப் பாட்டில் ஒட்டினால் அது டப்பிங். பாட்டிலும் அதே அளவு பிசகினால், கதவை அறைந்த சத்தமும் கதவு மூடிய பிறகு கேட்டால், கெட்டது பிரதி. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினாலும் பிரதியே கெட்டது. இன்னொன்று: சினிமாவின் 24 சட்டக் கணக்கை நம் பழைய டிவியின் 25-க்கு அப்படியே ஓட்டி மாற்றிய பிரதிகள் நிறைய. அதில் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரலும் சற்று மேலே ஏறிவிடும். ‘படத்தில் பாட்டு கீச்சென்று இருக்கிறது, ரிக்கார்டில் நன்றாக இருக்கிறது’ என்று உங்களில் ஒருவர் எழுதியதற்கு இது காரணமாக இருக்கலாம். அடித்துச் சொல்ல மாட்டேன். ரிக்கார்டுக்கென்று தனியாகப் பாடிப் பதிந்த பாட்டுகளும் உண்டு.

இனி துள்ளல். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு படம் பல ரீல்களாக வரும். இரண்டு மெஷினில் மாற்றி மாற்றி ஓட்டுவோம். ரீல் முடியும் முன் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் மின்னும். அடுத்த மெஷினின் மோட்டாரைத் தட்டிவிட வேண்டும். ஏழெட்டு விநாடி கழித்து இன்னொன்று மின்னும். அப்போது இந்த வெளிச்சத்தை மூடி அந்த வெளிச்சத்தைத் திறக்க வேண்டும். அச்சடித்த வட்டம் தேய்ந்துபோன பிரிண்டில் ஒவ்வொரு ஊர் ஆபரேட்டரும் தன் பங்குக்கு ஊசியால் ஒரு கீறல் போட்டு வைத்திருப்பார். இப்போது நீங்கள் பார்க்கும் பிரதியில் பத்து அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அந்த மூலையில் வட்டமோ கீறலோ மின்னினால், அது பெரும்பாலும் தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்தது; கீறலே என்றால் ஓடிக் களைத்த பிரிண்ட். துள்ளல்களும் அந்த இடங்களைச் சுற்றியே கூடுதலாக இருக்கும். ரீலின் முனைதான் மாட்டும்போதும் கழற்றும்போதும் அடிபடும், கிழியும். கிழிந்தால் இரண்டு முனையையும் நேராக வெட்டி, பிளேடால் மருந்துப் பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமென்ட் தடவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்திப் பிடிப்போம். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒன்றிரண்டு சட்டமாவது போகும். நகரத்தில் வெளியாகி, அடுத்த நிலை ஊர்களில் ஓடி, கடைசியாக எங்களைப் போன்ற இடத்துக்கு அந்தப் பெட்டி வரும்போது ஒரு வசனத்தின் வாலே இருக்காது.

விபத்தாக இல்லாமல் வேண்டுமென்றே போனதும் உண்டு. இரண்டாம் ஆட்டம் நீண்டால் கடைசி பஸ் போய்விடும். பொள்ளாச்சிப் பக்கத்துக் கூட்டம் மறுநாள் வராது. ஆகவே ‘அந்த இரண்டாவது சோகப் பாட்டை விட்டுவிடு’ என்று கீழிருந்து ஆள் வருவார். நாயகனின் முகம் உள்ள சட்டங்களை வெட்டிப் பையன்களுக்கு விற்றவர்களும் எங்கள் தொழிலில் இருந்தார்கள்; பல்புக்கு முன்னால் பிடித்துச் சுவரில் படம் காட்டிய தலைமுறை அதை நினைத்து இன்று நெகிழ்கிறது, எனக்கு எரிச்சல்தான் வரும்.

உங்கள் பிரதியில் எவ்வளவு போயிருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். படம் தொடங்கும் முன் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். ரீல் எண்ணிக்கையும் நீளமும் அதில் இருக்கும். மீட்டரில் இருந்தால் 27.4-ஆல் வகுங்கள், பழைய அடிக்கணக்கு என்றால் 90-ஆல் வகுங்கள், வருவது நிமிடம். 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். 25 சட்ட வேகத்தில் மாற்றியிருந்தால் 140. உங்களிடம் இருப்பது 120 நிமிடம்தான் ஓடுகிறது என்றால், ‘திரைக்கதையில் தொடர்ச்சி இல்லை’ என்று எழுதும் முன் யோசியுங்கள். இணைப்பாக இருந்த காட்சி உங்கள் கைக்கு வராமலே போயிருக்கலாம்.

கடைசிக் குற்றச்சாட்டு, நகரவில்லை என்பது. இதைப் பிரதியின் தலையில் கட்ட முடியாது. பழைய படம் என்பதற்காகக் கும்பிட வேண்டியதில்லை. அன்றே சவசவ என்று இருந்த படங்களை நான் ஓட்டியிருக்கிறேன், ஐந்து ரூபாய் கொடுத்து வந்தவர்கள் பாதியில் பீடி பற்ற வைக்க எழுந்து போனதைச் சதுரத் துவாரம் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த மெதுவுக்குக் கொஞ்சம் காரணம் இருந்தது. முதல் ரீல் ஓடும்போது பாதிக் கூட்டம் டிக்கெட் ஜன்னலில்தான் நிற்கும். அதனால் முக்கியமான எதையும் முதல் பத்து நிமிடத்தில் வைக்க மாட்டார்கள். இடைவேளை முடிந்து முறுக்குப் பொட்டலத்தோடு வருபவர்களுக்காகக் கதையை ஒரு முறை யாராவது நினைவூட்டுவார்கள். அதையெல்லாம் நீங்கள் இன்று ஒரே மூச்சில், தனியாக, காதில் கருவி மாட்டிக்கொண்டு பார்க்கிறீர்கள்.

காதில் மாட்டும் அந்தக் கருவி உங்கள் குழுவின் ஒரு சண்டையையே உண்டாக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். ‘தமிழ்ப் பழைய படம் எல்லாம் கத்தல்’ என்கிறார்கள் மலையாளத்துக்காரர்கள். ‘மலையாளப் பழைய படத்தில் முணுமுணுப்பு’ என்கிறார்கள் தமிழ்க்காரர்கள். இரண்டையும் ஒரே கொட்டகையில் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். திரைக்குப் பின்னால் பெரிய குழாய் ஒலிபெருக்கி. தலைக்கு மேல் வரிசையாகக் காற்றாடி. பின்வரிசையில் குழந்தை அழும். மழைக்காலத்தில் தகரக் கூரை. அந்த இடத்தில் நாடக மேடையிலிருந்து வந்த தமிழ் வசனம் கடைசி பெஞ்சு வரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது, கைதட்டும் வாங்கியது. தாழ்ந்த குரலில் பேசிய மலையாளப் படத்தில் பாதி வசனம் காற்றாடியோடு போய்விட்டது. ‘சவுண்டு’ என்று கூச்சல் வரும், நானும் கூட்டிக்கூட்டிப் பார்ப்பேன். இன்று உங்கள் காதுக்குள்ளேயே பேசும்போது நிலைமை தலைகீழ். முணுமுணுப்புப் படம் ஜெயிக்கிறது, உரத்த வசனம் அறைகிறது. எது உயர்ந்த நடிப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் உரத்துப் பேசும் படத்தை ஒரு முறையாவது வீட்டு ஹாலில், பத்துப் பேர் நடுவில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பிறகும் கத்தலாகத்தான் தெரிகிறது என்றால், கத்தல்தான்.

மறுவெளியீட்டுக்குப் போகலாமா? 2023-இல் ‘ஸ்படிகம்’, 2024-இல் ‘மணிச்சித்திரத்தாழ்’ என்று மலையாளத்தில் புதுப்பித்து வந்தன. தமிழில் ‘கர்ணன்’ 2012-லேயே அப்படி வந்து நன்றாக ஓடியது. சுவரொட்டியில் 4கே என்று போட்டிருந்தால் அது புள்ளிகளின் கணக்கு மட்டுமே. எதைப் படியெடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். மலையாள இயக்குநர் அரவிந்தனின் ‘கும்மாட்டி’ (1979), ‘தம்பு’ (1978) இரண்டையும் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருந்தவற்றைக் கொண்டு 2021-லும் 2022-லும் பொறுமையாக மீட்டார்கள். கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ் இல்லாமலேயே அந்த அளவுக்கு வந்தது. அப்படிப்பட்ட வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுங்கள். டிவிக்கு விற்ற பழைய டேப்பைப் பெரிதாக்கித் தேய்த்துப் பளபளப்பாக்கியது என்றால் முன்னோட்டத்திலேயே தெரிந்துவிடும்: முகத்தில் துளைகளே இருக்காது, எல்லாரும் மெழுகில் செய்ததுபோல இருப்பார்கள். அதற்கு உங்கள் கைபேசியே போதும். தியேட்டருக்குப் போய் அங்கேயும் தலை வெட்டுப்பட்டுத் தெரிந்தால், இடைவேளை வரை பொறுத்திருக்காமல் எழுந்து போய் ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். சில சமயம் திரை அளவை மாற்ற மறந்திருப்பார்கள். நாலைந்து பட்டன் வேலை, ஆனால் யாராவது வந்து சொன்னால்தான் அந்த அறைக்குத் தெரியும்.